பூட்டை இழுத்துப் பார்க்கிற பாட்டு

சிட்னி விமான நிலையத்தில் மாரெத்தின் சப்பாத்துகளுக்குள் இருந்த புல்லைப் பிடுங்கி எடுத்தார்கள்.

அதற்குக் காரணம் நான்தான். வருகைப் படிவத்தில் உணவு இருக்கிறதா, தாவரம் இருக்கிறதா, விலங்குத் தோல் இருக்கிறதா என்று கேட்ட எல்லாவற்றுக்கும் ஒழுங்காக ‘ஆம்’ என்று குறித்துக் கொடுத்திருந்தேன். மறைத்துக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு இல்லை. கையுறை போட்ட ஓர் அதிகாரி, பனிமான் தோலில் தைத்த, நுனி மேல்நோக்கி வளைந்த அந்தச் சப்பாத்துகளைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டார். உலர்ந்த புல் வந்தது.

“இது எதற்கு?” என்று கேட்டார்.

“காலுக்குத்தான். காலுறைக்குப் பதிலாக” என்றேன்.

“விதை இருக்கலாம். விட முடியாது.”

மாரெத்துக்கு நோர்வே மொழியில் சொன்னேன். அவள் அதிகாரியை மேலும் கீழும் பார்த்தாள். “நானே வெட்டி, நானே அடித்துப் பதமாக்கிய புல். அதில் விதை இருக்கிறதா என்று எனக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியுமா? கேள்” என்றாள்.

“அவருக்குக் கொஞ்சம் வருத்தம்” என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன்.

காய்ந்த பனிமான் இறைச்சியும் அதோடு போனது. அதிகாரி தன் வேலையைத்தான் செய்தார். நாங்களும் எங்கள் வேலையைச் செய்தோம். இரண்டு பொருளையும் எடுத்துக்கொண்டதற்கு விளக்கம் கேட்டு, அவர் சொன்னதை முழுவதுமாகக் கேட்டு, வரிசை எங்களுக்குப் பின்னால் நீளும் வரை நின்றோம்.

மாரெத் யார் என்று சொல்லிவிடுகிறேன். நோர்வேயின் வட கோடியில், மரம் முளைக்காத கடற்கரை ஊர் ஒன்றில், மீன் தொழிற்சாலையில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று வேலை செய்தவர்கள். நான் பருத்தித்துறையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவள். அவள் அந்த மண்ணின் ஆதிக்குடிகளான சாமி இனத்தில் பிறந்தவள். அவர்கள் பாடும் முறைக்கு யொய்க் என்று பெயர். பல நாட்டு ஆதிக்குடிகள் கூடுகிற இசைவிழா ஒன்றில் பாட மெல்பேர்ணிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. ஆங்கிலம் பேச ஒரு துணை வேண்டும் என்றாள். என் அக்கா சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறா. துணைக்கு நான் புறப்பட இதைவிட வேறு காரணம் தேவைப்படவில்லை.

அக்கா இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் வைத்திருந்தா. மாரெத் குழம்பில் ஒரு துண்டு எடுத்து, நாங்கள் இருவரும் தொழிற்சாலையில் செய்வதுபோலவே சதையை விரலால் பிரித்துப் பார்த்து, “நல்ல மீன். உறைபனியில் கிடந்தது அல்ல” என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு காரம் ஏறிக் கண்ணீர் வடிய வடிய இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். போதும் என்று அக்கா தடுத்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

அத்தான் ஓய்வுபெற்ற கணக்காளர். வரவேற்பறையில் ஒரு கரோக்கே இயந்திரம் வைத்திருக்கிறார். சாப்பாடு முடிந்ததும், “மச்சாள், உவ பாடுறவ எண்டெல்லோ சொன்னனீர்? ஒண்டு பாடச் சொல்லும்” என்றார்.

மாரெத் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினாள். என்னைத்தான்.

அதைக் கேட்ட அக்கா கையில் பீங்கானோடு நின்றுவிட்டா. அத்தான் கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “சொல் எப்ப வரும்?” என்றார்.

“வராது, அத்தான்.”

“சொல்லில்லாமல் பாடுறதெண்டால் நானும் பாடுவன். சொல் மறந்தால் நான் அதைத்தானே செய்யிறனான்.”

“சொல் ஞாபகமிருந்தாலும் நீங்கள் அதைத்தான் செய்யிறியள்” என்றா அக்கா.

மாரெத் பாட்டை நடுவில் வெட்டியதுபோல நிறுத்தினாள். யொய்க் அப்படித்தான். தொடக்கம் என்று ஒன்றும் முடிவு என்று ஒன்றும் அதற்குக் கிடையாது. சுற்றிச் சுற்றி வரும், பாடுகிறவர் விடும் இடத்தில் நிற்கும். அத்தான் முடிந்துவிட்டதா என்று தெரியாமல் அரைக் கைதட்டுத் தட்டினார்.

இதை விளக்குவது எளிதல்ல. ஒருவரை நினைத்துப் பாடுகிற பாட்டு என்று நாம் சொன்னால் சாமி மக்கள் தலையை ஆட்டி மறுப்பார்கள். பாடும்போது அந்த ஆளே அங்கே வந்துவிடுகிறார் என்பார்கள். அதனால் அது கட்டியவருக்குச் சொந்தமில்லை, யாரைக் கட்டினார்களோ அவருக்குத்தான் சொந்தம். அவரைத் தெரிந்தவர்கள் அவர் நினைவு வரும்போது பாடலாம். அவர் மட்டும் தன்னுடையதைத் தானே பாடுவது அழகல்ல. கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே மெச்சுவது போல என்று மாரெத் சொல்வாள்.

என்னுடையது எப்படி வந்தது என்றும் எழுத வேண்டும். தொழிற்சாலை பஸ்ஸில் வேலை முடிந்து ஏறியபிறகு, உடுப்பு மாற்றும் அறையில் என் அலுமாரியைப் பூட்டினேனா என்று சந்தேகம் வரும். இறங்கிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். சில நாளில் இரண்டு தரம் போவேன். வெளியே பனிப்புயல், உள்ளே எல்லோரும் காத்திருப்பார்கள். ஒருநாள் நான் திரும்பி ஏறியபோது பின் இருக்கையிலிருந்து மாரெத் எதையோ முனகினாள். நேராகப் போகும் ஒரு மெட்டு, திடீரென்று தயங்கும், வந்த வழியே திரும்பும், இரண்டு சின்ன இழுப்பு, மறுபடி நேராகப் போகும். பஸ் முழுவதும் சிரித்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்து, அந்த மாதம் முழுவதும் அவளோடு பேசவில்லை.

பிறகு ஒருநாள் காய்ச்சலில் வேலைக்குப் போகவில்லை. அன்று மாலை பஸ்ஸில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து என்னைப் பாடினார்களாம். ஓட்டுநர் பழக்கத்தில் எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாராம். மறுநாள் இதைச் சொன்னவளும் மாரெத்தான். அந்த ஊரில் என் பெயரைச் சரியாகச் சொல்ல ஒருவருக்கும் வராது. ஆனால் நான் இல்லாத பஸ்ஸில் என்னை வரவழைக்கத் தெரிந்திருந்தது. அன்றுதான் அது என் ஊர் என்று எனக்குப் பட்டது.

நாங்கள் சிட்னி வந்த மறுநாள் சனிக்கிழமை. பரமட்டாவுக்கு ரயிலில் போவோம் என்று இறங்கினால் தண்டவாளத்தில் வேலை, ரயில் இல்லை, பஸ்தான். எங்கள் ஊரில் பாதையைப் பனி மூடினால் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. இங்கே ஒலிபெருக்கி நிமிடத்துக்கு ஒருதரம் மன்னிப்புக் கேட்டது. பஸ் மட்டும் வரவில்லை. மாரெத் வெயிலில் நடைபாதை ஓரத்தில் காலை நீட்டி இருந்துவிட்டாள். இருண்ட குளிர்காலத்திலிருந்து வந்தவளுக்கு அந்த வெயில் போதும்.

பக்கத்து ஹரிஸ் பார்க்கில், இந்தியக் கடைகள் இருக்கும் தெருவில், ஜிலேபியைக் கண்டதும் நின்றாள். அதை எப்படிப் பிழிகிறார்கள் என்று கடைக்காரரின் கையையே பார்த்தாள். “இவருக்கும் முடிவு எங்கே என்று தெரியாது. கை விட்ட இடத்தில் நிற்கிறது” என்றாள். ஒரு பெட்டி வாங்கினோம். வீட்டுக்கு வரும் முன்பே காலி.

திரும்பும் வழியில் வென்ட்வேர்த்வில் மீன்கடையில் நான் செவுளைத் திறந்து பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன். மறுபடி செவுளைப் பார்த்தேன். கடைத் தம்பி பொறுமை இழந்து, “அன்ரி, அது செத்துத்தான் கிடக்கு. எங்கையும் ஓடாது” என்றார். மாரெத்துக்கு மொழிபெயர்த்ததும் அவள் வாய்க்குள் என் மெட்டை முனகினாள்.

புல் போன சப்பாத்துகள் அவள் காலில் நிற்கவில்லை. கடைக் காலுறை போட்டால் தோல் வழுக்கியது. அக்கா ஒரு பழைய நூல் சேலையைக் கொண்டுவந்து, நீளமாகக் கிழித்து, கையில் சுருட்டி உள்ளே அடைத்தா. மாரெத் எழுந்து நடந்தாள். இடுப்பை ஆட்டிப் பார்த்தாள். “புல்லைவிட மென்மை. குளிருக்கு ஆகாது, மெல்பேர்ணுக்கு ஆகும்” என்றாள்.

மெல்பேர்ண் விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிய டாக்சிக்காரர் மதுரைக்காரர். கிரெய்கிபர்னில் வீடு. நான் போனில் அக்காவோடு பேசுவதைக் கேட்டுவிட்டுத் தமிழில் தொடங்கினார்.

“நார்வேல இருந்தாக்கா வர்றீங்க? அங்க நம்மாளுங்க என்னக்கா பண்றாங்க?”

“மீன் வெட்டுறம்.”

“அவ்ளோ தூரம் போயா?” என்று கண்ணாடியில் பார்த்தார். பின் இருக்கையில், சிவப்பும் நீலமுமாய்க் கரை வைத்த சாமி உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு மாரெத் இருந்தாள். “இவங்க யாரு?”

“பாடகி.”

“சினிமாலயா?”

“இல்லை. மலையில், பஸ்ஸில்.”

அவர் சிரித்துவிட்டார். பாடச் சொன்னார். மாரெத் ஏதோ ஓர் உறவுக்காரக் கிழவரைப் பாடினாள். அவர் பனிச்சறுக்கு வண்டியில் போய் விழுந்து எழும்புவது எனக்கே கண்ணில் தெரிந்தது. டாக்சிக்காரர் சிவப்பு விளக்கில் திரும்பி, “அக்கா, வார்த்தை ஒண்ணும் புரியல. ஆனா யாரோ கீழ விழுந்தாங்கல்ல?” என்றார். அதற்காகவே நான் அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

விழா நடந்தது ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில். பல நிறக் கூடாரங்கள், காப்பி வண்டிகள், புல்வெளியில் கால் நீட்டிய சனம். ஒத்திகை பார்க்க ஒரு மண்டபம். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் டானியல் என்ற இளைஞர். மிகவும் மரியாதையானவர், மரியாதை குறையாமலே எல்லாவற்றையும் கேட்டார்.

மாரெத் ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினாள். என்னுடையதும் அதில் இருந்தது. முடிந்ததும் டானியல் ஓடி வந்தார்.

“அந்தத் திரும்பித் திரும்பி வரும் பாட்டு, அது அற்புதம். அதை நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா?”

தூக்கம் வராதவர்களுக்கு இதமான ஒலிகளைப் போனில் கேட்கக் கொடுக்கிற ஒரு நிறுவனம் விழாவுக்குச் செலவழிக்கிறது. கடைசி நாள் மாலைப் பெருமேடை அவர்களுடையது. அங்கே பாடுகிற ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பாட்டு அவர்களுக்குப் போகும். மாரெத் அந்த மேடையில் பாட வேண்டும் என்று அவர் விரும்பினார்.

“அது என்னுடையது இல்லை” என்றாள் மாரெத், தனக்குத் தெரிந்த துண்டு ஆங்கிலத்தில்.

“யார் இசையமைத்தது?”

“நான்.”

“அப்படியென்றால் உங்களுடையதுதானே?”

“இல்லை. அவளுடையது.” நாடியை உயர்த்தி என்னைக் காட்டினாள்.

நான் மண்டபத்தின் மறு கோடியில், அவளுடைய சப்பாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதிரையில் இருந்தேன். டானியல் என்னைப் பார்த்தார், சப்பாத்துகளைப் பார்த்தார். “இவர் உங்கள் உதவியாளர் என்றல்லவா நினைத்தேன்?”

“அந்தப் பாட்டே அவள்தான். கேட்க வேண்டுமானால் அவளைக் கேளுங்கள்.”

டானியல் மண்டபத்தைக் கடந்து என்னிடம் வந்து கேட்டார். என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். பாட்டைச் சுருக்குவார்கள். பின்னணியில் மழைச் சத்தம் போடுவார்கள். ‘வடதுருவ அமைதி’ என்று பெயர் வைப்பார்கள்.

“நான் அமைதியானவள் இல்லை” என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“இன்னொன்று. நடுவில் ஒரு தயக்கம் வருகிறதே, திரும்பிப் போய் இரண்டு தரம் இழுக்கிற மாதிரி? அது தூங்கப் போகிறவரின் மனதை உலுக்கிவிடும். அதை மட்டும் எடுத்துவிடுவார்கள். மற்றபடி அப்படியே இருக்கும்.”

நான் சம்மதிக்காவிட்டால் என்ன என்று கேட்டேன். மாலை மேடை சம்மதிப்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு மத்தியானக் கூடாரம் இருக்கிறது என்றார். காலையில் பதில் சொல்லச் சொன்னார். மாரெத்திடமும் ஒரு யோசனை கேட்டார்: “யாருடையதுமில்லாத ஒன்று இருக்கிறதா? ஒரு விலங்கைப் பற்றி? ஓநாய்?”

“இருக்கிறது” என்றாள் மாரெத். “ஓநாயைப் போய்க் கேட்டுக்கொண்டு வாருங்கள்.”

விடுதிக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அத்தான்தான் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“மச்சாள், ஓமெண்டு சொல்லும்! உலகம் முழுக்க உம்மைக் கேட்கும்.”

“என்ரை பேர் வராது, அத்தான். வடதுருவ அமைதி எண்டு வரும்.”

“பேர் கிடக்கட்டும். உம்மாலை உந்த மனிசிக்குப் பெரிய மேடை இல்லாமல் போகப் போகுதெல்லோ. அதை யோசிச்சனீரோ?”

அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை; குத்தியது.

அக்கா போனை வாங்கினா. “வசந்தி, அந்தத் திரும்பிப் போற இடத்தையோ வெட்டப் போகினம்?” என்று கேட்டா.

“ஓம்.”

“அப்ப வேண்டாமெண்டு சொல்லு.” போனை வைத்துவிட்டா.

நானும் அக்காவும் பருத்தித்துறை வீட்டிலிருந்து ஷெல் அடிக்குள் ஓடியவர்கள். கதவைப் பூட்டவில்லை. பூட்ட நேரமிருக்கவில்லை. பிறகு அந்த வீட்டைப் பார்க்கவில்லை, பார்க்க அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். அக்கா எந்தப் பூட்டையும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் எல்லாப் பூட்டையும் பார்ப்பேன். நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. மாரெத்துக்கும் தெரியாது. அவள் கண்ணில் பட்டதை மட்டும் பாடினாள்.

காலைச் சாப்பாட்டு மேசையில் மாரெத்திடம் கேட்டேன். “உனக்கு அந்த மாலை மேடை வேண்டுமா?”

“வேண்டும்” என்றாள், பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டே. “சால்வையின் குஞ்சங்களை ஒவ்வொன்றாக நேராக்கி வைத்தேன். இவ்வளவு தூரம் வந்தது கூடாரத்தில் பாடவா?”

“அப்படியானால் நான் சம்மதிக்கிறேன்.”

கத்தியைக் கீழே வைத்தாள். அவள் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. “எனக்காகச் சம்மதிக்காதே. எனக்கு வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு உன்னை விற்க எனக்கு உரிமை இல்லை, உன்னை வைத்து எனக்குப் பிச்சை போட உனக்கும் உரிமை இல்லை. என் அம்மா வீட்டுக்குள் யொய்க் பாட விடமாட்டாள். பாவம் என்று தேவாலயத்தில் சொன்னார்கள், பள்ளிக்கூடத்திலும் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் ஆட்டுத் தொழுவத்தில் அவள் பாடுவாள். முழுதாகப் பாடுவாள், பாதியாக அல்ல. தொழுவத்தில் பாடி வந்தவர்களுக்குக் கூடாரம் குறைச்சலா?”

“இப்போதுதானே கூடாரத்தில் பாடவா வந்தேன் என்றாய்?”

“அது வெண்ணெய் பூசும்போது சொன்னது” என்றாள்.

டானியலிடம் போனோம். மறுப்பை நானே ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்ல வேண்டியதைப் போகும் வழியிலேயே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் அதில் பாதி மறந்துவிட்டது.

“நான் தரமாட்டேன். நீங்கள் வெட்டப் போகிற இடத்தில்தான் நான் இருக்கிறேன். மற்றது வெறும் நடை. நடை எல்லோருக்கும் இருக்கிறது. தூங்கப் போகிறவர்களின் மனதை அது உலுக்கினால் நல்லது. எழும்பிப் போய்க் கதவைப் பார்க்கட்டும்.”

டானியல் வருத்தத்தோடு தலையசைத்தார். கெட்டவர் அல்லர். எங்கள் பெயரை மாலையிலிருந்து மத்தியானத்துக்கு மாற்றி எழுதினார்.

மத்தியானம் கம்பளி உடுப்பில் மாரெத் வியர்த்து வழிந்தாள். நாங்கள் கூடாரத்துக்குள் நுழைந்தபோது அனல். மேடை தயாரானபோது குளிர்காற்று. முதற்பாட்டுக்கு முன் தூறல். எங்கள் ஊரில்கூட ஒரு பருவம் முடிந்துதான் அடுத்தது வரும். மெல்பேர்ணுக்கு அந்தப் பொறுமை இல்லை. கூடாரம் பாதிகூட நிறையவில்லை. முன்வரிசையில் ஒருவர் பெரிய தட்டில் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில், அடுத்ததாகப் பாட இருந்த இந்த நாட்டு ஆதிக்குடிப் பெண் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. “எங்களிடமும் கேட்காமல் எடுக்க முடியாத பாட்டுகள் இருக்கின்றன. கேட்டாலும் கொடுக்காத பாட்டுகளும் இருக்கின்றன” என்று என்னிடம் சொன்னார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாரெத் கடைசியாக என்னைப் பாடினாள். நேராகப் போனாள், தயங்கினாள், திரும்பினாள், இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். ஒலிபெருக்கிக்காரர் நேரம் முடிகிறது என்று விரலைக் காட்டினார். அவள் திரும்பிப் போய் மறுபடி இழுத்தாள். அவர் கையைக் குறுக்கே அசைத்தார். அவள் இன்னும் ஒருதரம் போனாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எழுந்து நிற்க வேண்டும்போலவும் இருந்தது. பக்கத்திலிருந்த பெண் என் கையைப் பிடித்து, “இருங்கள். என் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்” என்றார். நூடில்ஸ்காரர் முள்ளுக்கரண்டியைத் தூக்கியபடியே வைத்திருந்தார்.

பிறகு நடுவில் வெட்டியதுபோல நின்றது. ஒருவருக்கும் கைதட்டத் தெரியவில்லை. கூடாரத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது, யாரும் சேர்க்காமல்.

மாலைப் பெருமேடையில் வேறு யாரோ பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். நாங்கள் புல்வெளியில் இருந்து, சூடான உருளைக்கிழங்கு வாங்கித் தின்றபடி கேட்டோம். மாரெத் தன் சால்வைக் குஞ்சங்களை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். வருத்தம் இல்லையா என்று நான் கேட்கவில்லை. இருந்தது, தெரிந்தது. அதை நானும் கொஞ்சம் சுமக்கத்தான் வேண்டும்.

சிட்னிக்குத் திரும்பினோம். அக்கா மெல்பேர்ண் கதையை மீன் பொரித்துக்கொண்டே கேட்டா. ‘கதவைப் பார்க்கட்டும்’ என்று நான் சொன்ன இடத்தில் அடுப்பைக் குறைத்துவிட்டு, “இன்னொருக்காச் சொல்லு” என்றா. சொன்னேன். அத்தான், “ஒரு பாட்டுக்கு இவ்வளவு கலாதியோ? நான் எண்டால் மூண்டு பாட்டுக் குடுத்திருப்பன்” என்றார்.

“உங்கடை மூண்டையும் கேட்டால் ஒருத்தரும் நித்திரை கொள்ளாயினம்” என்றா அக்கா.

புறப்படும் நாள். காரில் பெட்டிகள் ஏறிவிட்டன. மாரெத் முன் இருக்கையில், சேலைத் துணி அடைத்த சப்பாத்துகளோடு. புல் இல்லாததால் இந்த முறை எந்த நாட்டிலும் தடை இல்லை. அக்கா பின்னால். நான் ஏறி, இருக்கைப் பட்டியைப் போட்டு, உடனே கழற்றினேன்.

“என்ன, மச்சாள்?”

“குசினிப் பின்கதவு பூட்டினனானோ தெரியேல்லை. பாத்திட்டு வாறன்.”

“பிளேன் போகப் போகுது!”

போய் இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. திரும்பி வரும்போது காரின் கண்ணாடிகள் இறங்கியிருந்தன. அத்தான் ஸ்டியரிங்கில் விரலால் தட்டியபடி, எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்க, சொல்லில்லாமல் பாடிக்கொண்டிருந்தார். சுருதி இல்லை. கரோக்கேக் குரல். ஆனால் நேராகப் போனார், தயங்கினார், திரும்பினார், இரண்டு தரம் இழுத்தார். ஒன்றும் விடவில்லை.

“எடி, உது நீதான்!” என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. கண்ணும் நனைந்திருந்தது.

மாரெத் அவரைத் திருத்தவில்லை. கண்ணை மூடிக் கேட்டாள். “இவர் உன்னிடம் கேட்டாரா?” என்று நோர்வே மொழியில் என்னைக் கேட்டாள்.

“இல்லை. கேலி செய்கிறார்.”

“தொடங்குவது அப்படித்தான்” என்றாள்.

அத்தான் நடுவில் நிறுத்தினார், சரியாக, வெட்டியதுபோல. “ஏறும், மச்சாள், நேரம் போகுது” என்றார்.

நான் காருக்கு வெளியே, கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றேன். தன்னுடையதைத் தானே பாடக் கூடாது. பாடவில்லை.

“முன்கதவையும் ஒருக்காப் பாத்திட்டு வாறன்” என்றேன்.

அது பூட்டித்தான் இருந்தது. தெரிந்துதான் போனேன். வாசற்படி வரைக்கும் போய், பூட்டில் கை வைத்து, பின்னால் அத்தான் மறுபடி தொடங்கும்வரை காத்து நின்றேன்.